பாசியைக் கொல்லும் முன் மீனுக்கு மூச்சு கொடுங்கள்

கேள்வியின் சுருக்கம் இது: மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு ஏக்கர் பண்ணைக்குட்டை. சராசரி ஆழம் ஒரு மீட்டர். போன ஐப்பசியில் கட்லா, ரோகு, மிர்கால் கலந்து 3000 குஞ்சுகள் விட்டது. இப்போது புரட்டாசியில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய முக்கால் கிலோ. தவிடும் கடலைப் புண்ணாக்கும் தீவனம், மாதம் இருமுறை கோழி எரு. கோடையில் போர் தண்ணீர், இப்போது வாய்க்கால் தண்ணீர். சில நாட்களாகத் தண்ணீர் பச்சை பெயின்ட் கரைத்த மாதிரி இருக்கிறது. காற்று ஒதுக்கும் மூலையில் ஏடு படிந்து நாறுகிறது. விடிகாலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது, பெரிய மீன்கள் சில செத்து மிதக்கின்றன. மருந்துக் கடைக்காரர் மயில்துத்தம் (காப்பர் சல்பேட் என்ற செம்பு உப்பு) போடச் சொல்கிறார், பக்கத்துக் குட்டைக்காரர் சுண்ணாம்பு என்கிறார், சொந்தக்காரர் ஒருவர் பெர்மாங்கனேட் என்கிறார். எதைக் கேட்பது?

இன்றைக்கு மூன்றையும் கேட்க வேண்டாம். மயில்துத்தம் பிறகு ஒருவேளை உதவலாம், சுண்ணாம்பு இப்போது கெடுதல், பெர்மாங்கனேட் வீண் செலவு. உங்கள் மீன் பாசியின் விஷத்தால் சாவதாகத் தெரியவில்லை, மூச்சு முட்டிச் சாகிறது. விடிகாலையில் மட்டும் மேலே வருவது, வெயில் ஏறியதும் உள்ளே போய்விடுவது, சின்னதை விட்டுப் பெரியது முதலில் சாவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது ஆக்சிஜன் பற்றாக்குறைதான். விஷமோ பூச்சிமருந்தோ என்றால் பகல், ராத்திரி, சின்னது, பெரியது என்று பார்க்காது. குட்டையில் இருக்கும் தவளையும் நத்தையும் கூடச் சேர்ந்து போகும்.

பாசி பகலில் வெயிலை வைத்து ஆக்சிஜனை உண்டாக்குகிறது. ராத்திரியில் அதே பாசி மீனோடு போட்டி போட்டுக்கொண்டு அந்த ஆக்சிஜனைச் செலவு செய்கிறது. 30 டிகிரி சூட்டில் சாதாரணத் தண்ணீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் குட்டை மாதிரி கெட்டியாகப் பாசி பிடித்த தண்ணீரில் மத்தியானம் மேல்மட்டத்தில் அது இரண்டு மடங்குக்கும் போகலாம், விடிவதற்கு முன்னால் ஒன்றுக்குக் கீழேயும் இறங்கலாம். கெண்டை வகைகள் 3 மில்லிகிராம் வரை ஓரளவு சமாளிக்கும், அதற்குக் கீழே திணறும், 1-க்குக் கீழே நின்றால் சாகத் தொடங்கும். பகலில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு ‘ஆக்சிஜன் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை நம்பாதீர்கள். பார்க்க வேண்டிய நேரம் காலை நாலரை, ஐந்து மணி.

அதனால் முதல் வேலை இன்று ராத்திரிக்கானது. தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் இருந்தால் பதினோரு மணிக்குப் போட்டு, நன்றாக வெயில் வரும்வரை நிறுத்தாதீர்கள். மீன் மேலே வந்த பிறகு ஓடிப்போய் சுவிட்ச் போடுவதில் பாதிப் பலன்தான். ஏரேட்டர் இல்லையென்றால் டீசல் எஞ்சின் போதும். குட்டைத் தண்ணீரையே உறிஞ்சி, குழாய் வாயில் ஓட்டை போட்ட தகரமோ பலகையோ கட்டி, உயரத்தில் இருந்து சிதறி விழும்படி திரும்பக் குட்டைக்குள்ளேயே விடுங்கள். மும்முனை மின்சாரம் அந்த நேரத்தில் இருக்கும் என்று மட்டும் நம்பி உட்காராதீர்கள். போர் தண்ணீர் விடுவதாக இருந்தாலும் சிதறடித்துத்தான் விட வேண்டும், ஏனென்றால் நிலத்தடியில் இருந்து நேராக வரும் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய இருக்காது. குட்டை முழுவதையும் காப்பாற்ற முடியாவிட்டாலும் ஒரு மூலையில் நல்ல தண்ணீர் இருந்தால் மீன் தேடி அங்கே வந்து சேரும்.

‘ஆக்சிஜன் மாத்திரை’ என்று விற்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கடைக்காரர் அடுத்து அதைத்தான் நீட்டுவார். பெரும்பாலும் அது சோடியம் பெர்கார்பனேட். ஒரு கிலோ போட்டால் சுமார் 130 கிராம் ஆக்சிஜன் வரும். ஒரு ஏக்கரில் ஒரு மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 40 லட்சம் லிட்டர். அதில் லிட்டருக்கு ஒரே ஒரு மில்லிகிராம் ஆக்சிஜனைக் கூட்ட 4 கிலோ ஆக்சிஜன் வேண்டும், அதற்கு 30 கிலோ மாத்திரை. இரண்டு கிலோ பாக்கெட்டைக் குட்டை முழுக்கத் தூவினால் மனசுக்குத்தான் ஆறுதல். மீன் வந்து குவிந்திருக்கும் மூலையில் மட்டும் போட்டால், எஞ்சின் வந்து சேரும்வரை ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க உதவும். அவ்வளவுதான் அதன் வேலை.

பெர்மாங்கனேட் கதை இன்னும் மோசம். அதில் ஆக்சிஜன் இருப்பதாகப் பெயர், ஆனால் தண்ணீரில் போட்டால் மீன் மூச்சுவிடும் ஆக்சிஜன் கூடுவதில்லை. அளவு கூடினால் பாசியைக் கருக்கி நிலைமையை மேலும் கெடுக்கும்.

ராத்திரிக்கு ஏற்பாடு செய்தாயிற்று என்றால் அடுத்தது தீவனமும் எருவும். கோழி எருவை இன்றோடு நிறுத்திவிடுங்கள், இந்தப் பட்டம் முடியும்வரை அது வேண்டாம். தீவனத்தை மூன்று நான்கு நாள் முழுவதும் நிறுத்துங்கள். முக்கால் கிலோ மீன் நான்கு நாள் பட்டினியில் சாகாது. குட்டையில் இருக்கும் பாசியையும் புழுவையும் தின்றுகொண்டு இருக்கும். அப்புறம் பாதி அளவில் தொடங்குங்கள், காலை ஒன்பது மணிக்கு மேல், வாய் பிளக்காத நாளில் மட்டும். தவிட்டையும் புண்ணாக்கையும் கையால் வீசுவதை விட்டுவிட்டு, ஓட்டை போட்ட சாக்கில் கட்டி மூங்கிலில் தொங்கவிடுங்கள். ஆந்திராவில் கொல்லேறு பக்கத்துப் பண்ணைகளில் இப்படித்தான் செய்கிறார்கள். மீன் உறிஞ்சித் தின்னும், மிச்சம் எவ்வளவு என்பது சாக்கைத் தூக்கினால் தெரிந்துவிடும்.

தீவனத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், பாசிக்குச் சோறு போடுவது நீங்கள்தான். மீன் தீவனத்தில் இருக்கும் தழைச்சத்திலும் (நைட்ரஜன்) மணிச்சத்திலும் (பாஸ்பரஸ்) கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் மீனின் உடம்பில் சேரும். மற்றதெல்லாம் கழிவாகவும் மிச்சமாகவும் தண்ணீருக்கும் சேற்றுக்கும் போகிறது. கோழி எருவில் மாட்டுச்சாணத்தைவிடப் பல மடங்கு மணிச்சத்து. இப்படி ஏடு கட்டுவது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி, அதற்கு மணிச்சத்து கிடைத்தால் போதும். அதன் சில வகைகள் தழைச்சத்தைக் காற்றில் இருந்தே எடுத்துக்கொள்ளும். வயலுக்கு நீலப்பச்சைப் பாசியை உயிர் உரமாகப் போடுகிறோமே, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் இது. அங்கே வரம், இங்கே தொல்லை. அதனால் ‘யூரியா போட்டால் நல்ல பாசி வந்துவிடும்’ என்ற யோசனையையும் தள்ளி வையுங்கள்.

சரி, இது நீலப்பச்சைப் பாசிதானா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் தண்ணீரை மொண்டு, அசைக்காமல் நிழலில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் வையுங்கள். பச்சை நிறம் மேலே ஏறி வளையமாகக் கூடினால் நீலப்பச்சைப் பாசி. அதன் செல்லுக்குள் காற்றுப் பைகள் உண்டு, அதனால் மிதக்கும். நிறம் முழுக்கப் பரவியே இருந்தாலோ அடியில் இறங்கினாலோ பெரும்பாலும் சாதாரணப் பச்சைப்பாசி; அது மீனுக்கு நல்ல சாப்பாடு, அடர்த்திதான் பிரச்சினை. மூலையில் ஏட்டுக்குள் ஒரு குச்சியை விட்டு எடுங்கள். முடி மாதிரி தொங்கினால் இழைப்பாசி, அதைக் கையாலும் வலையாலும் அள்ளலாம். குச்சியில் பூசினாற்போல் ஒட்டினால் நீங்கள் பயப்படும் வகைதான், மைக்ரோசிஸ்டிஸ் என்பார்கள்.

இன்னொன்றும் டெல்டாவில் அடிக்கடி வரும். நல்ல வெயிலில் குட்டையின் மேல் செங்கல் பொடி தூவியதுபோல் சிவப்பாகத் தெரியும், காலையிலும் மாலையிலும் பச்சையாகிவிடும். அது யூக்ளினா. சாணமும் எருவும் மிதமிஞ்சிப் போன குட்டையில்தான் வரும். அதிலும் மீனைக் கொல்லும் விஷம் சுரக்கும் வகை உண்டு. சிவப்பைப் பார்த்ததும் தண்ணீரில் மிதக்கும் சிறு பெரணியான அசோலா என்று விட்டுவிடாதீர்கள். அசோலாவும் வெயிலிலும் சத்துக்குறைவிலும் சிவக்கும், ஆனால் கையில் அள்ளிப் பார்த்தால் இலை தெரியும்.

இப்போது மயில்துத்தத்துக்கு வருவோம், ஏனென்றால் நீங்கள் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது பாசியைக் கொல்லும், சந்தேகமே இல்லை. பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. டன் கணக்கில் பாசி ஒரே நாளில் செத்தால், அன்றைக்கே ஆக்சிஜன் தயாரிப்பு நின்றுபோகும். செத்த பாசி அழுகும்போது மிச்சம் இருக்கும் ஆக்சிஜனையும் அது தின்றுவிடும். செல் உடைந்தால் உள்ளே இருக்கும் விஷமும் ஒரே நேரத்தில் தண்ணீரில் கலக்கும். மீன் மயில்துத்தம் போட்ட அன்று சாகாது, இரண்டாம் மூன்றாம் நாள் விடிகாலையில் மொத்தமாகச் சாகும். கடைக்காரர் அப்போது ‘உங்கள் தண்ணீரில் ஏதோ நோய்’ என்பார்.

அதன் அளவு குட்டையின் பரப்பைப் பொறுத்தது மட்டும் இல்லை, தண்ணீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. அல்கலினிட்டி என்று சோதனைக் கிட்டில் இருக்கும். அந்த எண்ணை 100-ஆல் வகுத்தால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் மயில்துத்தம் என்ற கணக்கு வரும். அல்கலினிட்டி 100 என்றால் லிட்டருக்கு 1 மில்லிகிராம், உங்கள் குட்டைக்கு 4 கிலோ. 200 என்றால் 8 கிலோ. 50-க்குக் கீழே இருந்தால் தொடவே கூடாது, செம்பு நேரடியாக மீனின் செவுளைத் தாக்கும். இங்கே ஒரு சிக்கல்: கோடையில் போர் தண்ணீர் நிரம்பியிருந்தபோது இருந்த அல்கலினிட்டி, வாய்க்கால் தண்ணீரும் மழையும் சேர்ந்த பிறகு இருக்காது. போன வருடம் சித்திரையில் யாரோ போட்ட அளவை இந்த ஐப்பசியில் போட்டால் அதே அளவு மீனைக் கொல்லலாம். அன்றன்றைக்கு அளந்து பார்க்காமல் மயில்துத்தம் கையில் எடுக்காதீர்கள்.

அப்படியும் போட வேண்டிய கட்டம் வந்தால், வெயில் உள்ள நாளில், காலை பத்து மணி வாக்கில், ஏடு கூடியிருக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு பரப்புக்கு மட்டும், அந்தப் பங்கின் கணக்கில் உள்ள அளவைக் கரைத்துத் தெளியுங்கள். பத்துப் பன்னிரண்டு நாள் பார்த்துவிட்டு அடுத்த பங்கு. எல்லா ராத்திரியும் ஏரேட்டர் ஓட வேண்டும். மேகமூட்டம் என்றால் தள்ளிப்போடுங்கள். விற்பனைக்குச் சில வாரம் முன்னால் நிறுத்திவிடுங்கள். செம்பு தண்ணீரை விட்டு மறைந்தாலும் சேற்றில் தங்கும், வருடா வருடம் சேரும். என்னைக் கேட்டால், இப்போது மீன் திணறிக்கொண்டிருக்கும் உங்கள் குட்டைக்கு இது இந்த மாதம் வேண்டவே வேண்டாம்.

நெல்லுக்கு அடிக்கும் களைக்கொல்லி கொஞ்சம் ஊற்றினால் பாசி போகும் என்று சொல்பவர்களும் உண்டு. போகும். அந்த மீனை விற்கவும் தின்னவும் முடியாது.

சுண்ணாம்பு ஏன் வேண்டாம் என்கிறேன் தெரியுமா? கெட்டியான பாசி பகலில் தண்ணீரில் உள்ள கரியமில வாயுவையெல்லாம் இழுத்துக்கொள்வதால், சாயங்காலம் மூன்று மணிக்கு பிஹெச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்) 9-ஐத் தாண்டி நிற்கும். அதற்கு மேல் சுட்ட சுண்ணாம்பைக் கொட்டினால் இன்னும் ஏறும். பிஹெச் ஏறினால் அம்மோனியா விஷமாகிறது. 30 டிகிரி சூட்டில் பிஹெச் 8-ல் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு விஷ வடிவில் இருக்கும். பிஹெச் 9-ல் அது நாற்பதைத் தாண்டிவிடும். அதே தண்ணீர், அதே அம்மோனியா, ஆனால் மீனுக்கு வேறு உலகம். சுண்ணாம்புக்கு வேறு காலம் இருக்கிறது, குட்டை காய்ந்து கிடக்கும்போது.

பிஹெச் மிக உயர்ந்து நிற்கும் குட்டைக்கு ஜிப்சம் பொருத்தம். அது பிஹெச்சை ஏற்றாது, சுண்ணாம்புச் சத்தைக் கொடுத்து மெல்ல இறக்கும். வயலுக்கு வாங்கும் இடத்திலேயே கிடைக்கும். படிகாரம் இன்னொரு வழி. அது தண்ணீரில் கரைந்திருக்கும் மணிச்சத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும், பாசிக்குச் சோறு குறையும். லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்றால் உங்கள் குட்டைக்கு 80 கிலோ. அது அமிலத்தன்மை உள்ளது, 20 மில்லிகிராமுக்கு அல்கலினிட்டி 10 குறையும், ஆக இதற்கும் அல்கலினிட்டி போதுமான அளவு இருக்க வேண்டும். கரைத்துத் தெளிக்க வேண்டும், கட்டியாக எறியக்கூடாது. எருவையும் தீவனத்தையும் குறைக்காமல் படிகாரம் போட்டால் பதினைந்து நாளில் பழைய கதைதான்.

செலவே இல்லாத வழி ஒன்றை நம் ஆட்கள் மதிப்பதில்லை: ஏட்டை அள்ளி எடுப்பது. மைக்ரோசிஸ்டிஸ் மிதக்கும் குணமே நமக்குச் சாதகம். மேல்காற்று இருக்கும் நாட்களில் ஏடு கிழக்குக் கரையில் ஒதுங்கும். வாடைக்காற்று திரும்பிவிட்டால் தெற்குக் கரைப் பக்கம். முற்பகலில் ஏடு கெட்டியாக இருக்கும்போது பழைய வேட்டியையோ கொசுவலையையோ இரண்டு பேர் பிடித்துக்கொண்டு இழுத்தால் வாளி வாளியாக வரும். ஒரு வாளி ஏட்டில் இருக்கும் பாசி, நடுக் குட்டையில் ஆயிரக்கணக்கான லிட்டரில் கலந்திருப்பதற்குச் சமமாகக்கூட இருக்கும். மழையில் திரும்பக் குட்டைக்கே வழிந்துவராத இடத்தில், மாடு வாய் வைக்காத இடத்தில் குழி வெட்டிப் போடுங்கள். கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், சிலருக்கு அரிக்கும்.

வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும் நாட்களில், மேல்மட்டத் தண்ணீரைக் கால் பங்கு வெளியேற்றிவிட்டுப் புதிது விடலாம். வெளியேற்றும் தண்ணீரை உங்கள் சம்பா வயலுக்கே பாய்ச்சுங்கள், அதில் இருக்கும் சத்து உரக்கடைப் பணத்தை மிச்சமாக்கும். ஊர் வாய்க்காலிலோ மாடு குடிக்கும் குளத்திலோ விடாதீர்கள். உள்ளே விடும் தண்ணீரையும் பாருங்கள். புரட்டாசியில் சம்பா நடவுக்கு அடியுரமாக டிஏபியும் மேலுரமாக யூரியாவும் போகிற நேரம். ஒரு மழை பெய்தால் வரப்பு வழிந்து அதெல்லாம் வடிகாலில் ஓடும். டிஏபியில் நூற்றுக்கு 46 பங்கு மணிச்சத்து. வடிகால் தண்ணீரைக் குட்டைக்கு விடுவது பாசிக்கு உரம் வைப்பதுதான். பாசன வாய்க்காலில் இருந்து எடுங்கள், அதையும் உரம் போட்டு மழை பெய்த மறுநாள் எடுக்காதீர்கள். குட்டைக் கரையை ஒரு முழம் உயர்த்திவிட்டால் வயல் தண்ணீர் தானாக உள்ளே இறங்குவது நிற்கும்.

உங்கள் கேள்வியில் எல்லாரும் தாண்டிப் போகிற விஷயம் ஒன்று இருக்கிறது. 3000 குஞ்சில் 2500 பிழைத்திருந்தாலும், முக்கால் கிலோ வீதம் இப்போது குட்டையில் கிட்டத்தட்ட இரண்டு டன் மீன். புரட்டாசியில் ஊரில் பாதிப்பேர் கவிச்சி தொடமாட்டார்கள், விலை இறங்கும், அதனால் தீபாவளிக்கு விற்கலாம் என்று எல்லாரும் மீனை வைத்துக்கொள்கிறார்கள். வருடத்திலேயே குட்டையில் அதிக எடை மீன் இருக்கும் நேரமும், அதிகத் தீவனம் போகும் நேரமும், பாசி முற்றும் நேரமும், வானம் மூடிக்கொள்ளத் தொடங்கும் நேரமும் ஒன்றாகச் சேர்கின்றன. டெல்டாவில் ஐப்பசியில் மொத்தமாக மீன் சாகும் குட்டைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது. விலை குறைவாக இருந்தாலும் இந்த வாரமே மூன்றில் ஒரு பங்கை, முக்கியமாகப் பெரிய மீன்களைப் பிடித்து விற்றுவிடுங்கள். கிலோவுக்கு இருபது முப்பது ரூபாய் போனால் போகட்டும். வலை இழுப்பதை நன்றாக வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் சேற்றைக் கலக்கினால் திணறும் மீன் தாங்காது.

ஐப்பசி மழையைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு, மழை பெய்தால் தண்ணீர் புதிதாகும், மீன் தப்பிக்கும் என்று. மூன்று நாள் அடைமழை என்றால் மூன்று நாள் வெயில் இல்லை. பாசி ஆக்சிஜன் செய்யாது, ஆனால் ராத்திரியும் பகலும் செலவு செய்துகொண்டே இருக்கும். குளிர்ந்த மழைத்தண்ணீர் கனத்து அடிக்கு இறங்கும்போது, அடியில் ஆக்சிஜன் இல்லாமல் கிடந்த தண்ணீர் மேலே புரளும். இரண்டும் சேர்ந்தால் பாசி மொத்தமாகச் சாகலாம். அதன் அடையாளம்: பச்சை திடீரென்று பழுப்பாகவோ சாம்பலாகவோ மாறும், நுரை வரும், அழுகல் வாடை அடிக்கும், சில சமயம் ஒரே நாளில் தண்ணீர் தெளிந்துவிடும். தெளிந்துவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள், அடுத்த நாலைந்து நாள்தான் ஆபத்து. ஏரேட்டரைப் பகலிலும் ஓட்டுங்கள், தீவனம் அறவே வேண்டாம்.

பாசி செத்த பிறகு அம்மோனியாவும், அதற்கு அடுத்த வாரம் நைட்ரைட்டும் ஏறும். நைட்ரைட் ஏறினால் மீனின் ரத்தம் பழுப்பாகி, ஆக்சிஜன் இருந்தும் மூச்சு வாங்கும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் நிறம் தெரியும். அதற்கு மருந்து கல் உப்பு: லிட்டருக்கு 50 மில்லிகிராம் கணக்கில் உங்கள் குட்டைக்கு 200 கிலோ. வேதாரண்யம் உப்பு பக்கத்திலேயே இருக்கிறது, இதற்குப் பாக்கெட் மருந்து வாங்க வேண்டாம். உங்கள் போர் தண்ணீரே உவர்ப்பாக இருந்தால் இந்த உப்பும் தேவைப்படாது.

அடுத்த பட்டத்துக்கான யோசனைகளைக் கொஞ்சம் சொல்கிறேன். வெள்ளிக்கெண்டை விட்டால் பாசியைத் தின்றுவிடும் என்கிறார்களே, அது பாதி உண்மை. சீனாவில் ஊகான் நகரத்து டோங்கு ஏரியில் 1980-களின் நடுவில் மைக்ரோசிஸ்டிஸ் மறைந்ததற்கு, அங்கே பெருமளவு விட்ட வெள்ளிக்கெண்டையும் பெருந்தலைக்கெண்டையும் காரணம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது வலைபோட்டுத் தொடர்ந்து மீன் எடுக்கும் பெரிய ஏரி. நம் குட்டையில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து வெள்ளிக்கெண்டை விட்டால் பாசி அளவோடு நிற்க உதவும், வந்துவிட்ட ஏட்டை அது துடைத்துத் தராது. கட்லாவோடு சாப்பாட்டுக்குப் போட்டி போடும் என்பதால் அந்த அளவுக்குக் கட்லாவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கட்லாவுக்குத்தான் விலை அதிகம் என்பது எனக்கும் தெரியும்.

வைக்கோல் போடுவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் பார்லி வைக்கோலை வைத்துச் செய்து பார்த்தார்கள். வெயிலும் காற்றும் பட்டு மெல்ல மக்கும்போது புதிதாகப் பாசி வளர்வதைத் தடுக்கும் பொருள்கள் வெளியாகின்றன என்று கண்டார்கள். இருக்கிற பாசியை அது கொல்லாது, பலனும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் வரவில்லை. நம் நெல் வைக்கோலைக் கட்டுக்கட்டாக இப்போது குட்டையில் போட்டால், மக்குவதற்கு அதுவும் ஆக்சிஜன் கேட்கும். புரோபயாட்டிக் என்று விற்கும் நுண்ணுயிர்ப் பொடிகளுக்கும் நான் பெரிதாக வாக்களிக்க மாட்டேன். அந்தப் பணத்தில் ஒரு ஏரேட்டருக்கு முன்பணம் கட்டிவிடலாம்.

அசோலா வளர்ப்பது மட்டும் எனக்குப் பிடித்த யோசனை. ஒரு மூலையில் மூங்கில் சட்டம் மிதக்கவிட்டு, பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வளர்த்தால் மணிச்சத்தை அது இழுத்துக்கொள்ளும். அள்ளிப் புல்கெண்டைக்கோ மாட்டுக்கோ போடலாம். அள்ளாமல் விட்டால் பலன் இல்லை. குட்டை முழுக்கப் பரவவிட்டால் அதுவே மூச்சை அடைக்கும்.

ஆனால் நிரந்தர வைத்தியம் சேற்றில்தான். பல வருடம் போட்ட எருவின் மணிச்சத்து அடிச்சேற்றில் கிடக்கிறது, ஆக்சிஜன் இல்லாத ராத்திரிகளில் அது மெல்லக் கரைந்து மேலே வருகிறது. வழக்கப்படி ஜனவரி 28-ல் மேட்டூர் அணையை மூடி ஜூன் 12-ல் திறப்பதற்கு நடுவே நமக்கு ஒரு கோடை இருக்கிறது. அந்த நாட்களில் போர் தண்ணீரை விட்டுக் குட்டையை ஓட்டிக்கொண்டே இருக்காமல், மாசி பங்குனியில் மீனை எடுத்துவிட்டு வெடிப்பு விடும்வரை காயவிடுங்கள். மேலே இருக்கும் கறுத்த சேற்றை அரையடி வழித்துத் தென்னைக்கும் வாழைக்கும் அடியுங்கள். அப்புறம் சுண்ணாம்பு, ஏக்கருக்குச் சுமார் 100 கிலோ, மண்ணின் பிஹெச்சைப் பார்த்துக் கூட்டிக் குறைத்து. பக்கத்துக் குட்டைக்காரர் சொன்ன சுண்ணாம்புக்கு இதுதான் இடம்.

தினசரிக் கண்காணிப்புக்கு ஒரு பழைய எவர்சில்வர் தட்டு போதும். 20 சென்டிமீட்டர் அகலம், கால் கால் வட்டமாகக் கறுப்பும் வெள்ளையும் பெயின்ட், நடுவில் கயிறு, அடியில் கனம். பகல் பத்திலிருந்து இரண்டு மணிக்குள் இறக்கிப் பார்த்து, மறையும் ஆழத்தைக் குறித்து வையுங்கள். 25 முதல் 40 சென்டிமீட்டர் நல்லது. 20-க்குக் கீழே வந்தால் அன்றைக்கே தீவனத்தைப் பாதியாக்குங்கள், எருவை நிறுத்துங்கள், ராத்திரி ஏரேட்டர். சேறு கலங்கி மறைகிறதா, பாசியால் மறைகிறதா என்பது நிறத்தில் தெரிந்துவிடும். இதைச் செய்திருந்தால் ஏடு கட்டுவதற்கு வெகு முன்பே உங்களுக்குச் சேதி வந்திருக்கும்.

குட்டையில் மாடு தண்ணீர் குடிக்காமல், பிள்ளைகள் குளிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மைக்ரோசிஸ்டிஸ் சுரக்கும் விஷம் கல்லீரலைத் தாக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. ஏடு ஒதுங்கிய கரையில் குடித்த கால்நடைகள் செத்தது உலகில் பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. செத்து மிதக்கும் மீனை யாருக்கும் கொடுக்காதீர்கள், புதைத்துவிடுங்கள். உயிரோடு பிடிக்கும் மீனில் குடலையும் ஈரலையும் அறவே எடுத்துவிட வேண்டும், விஷம் சேர்வது அங்கேதான் அதிகம். வியாபாரி ‘மண் வாடை அடிக்கிறது’ என்று விலையைக் குறைத்தால் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. இந்தப் பாசிகள் விடும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் கொழுப்பில் ஏறிக்கொள்கிறது. சுத்தமான ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம், இரண்டு வாரம் தீவனம் இல்லாமல் வைத்திருந்தால் வாடை குறையும். சமையலில் புளி கூட்டினால் மறைவது நாக்குக்கு மட்டும்.

சீர்காழி, வேதாரண்யம் பக்கம் இறால் குட்டை வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இறால் அடியில் கிடப்பது, ஆக்சிஜன் முதலில் தீர்வதும் அடியில்தான், மேலே வந்து உங்களை எச்சரிக்கக்கூட நேரம் இருக்காது. மயில்துத்தமும் அதற்கு மீனைவிட ஆபத்து.

தண்ணீரைச் சோதிக்க நாகப்பட்டினத்து மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கோ சிக்கல் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டு போகலாம். ஏட்டில் இருந்து ஒரு பாட்டில், நடுக்குட்டையில் முழங்கை ஆழத்தில் ஒரு பாட்டில் என்று தனித்தனியாக எடுங்கள், நேரத்தை எழுதி ஒட்டுங்கள், வெயில் படாமல் அன்றைக்கே கொடுங்கள். பிஹெச்சை மட்டும் நீங்களே காலை ஆறு மணிக்கும் சாயங்காலம் மூன்று மணிக்கும் பார்த்து ஒரு வாரத்துக் கணக்கைச் சேர்த்துக் கொண்டுபோங்கள். அல்கலினிட்டி எவ்வளவு என்று கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அந்த எண் வந்த பிறகு படிகாரமா ஜிப்சமா, எத்தனை கிலோ என்று கணக்குப் போடலாம்.